பேப்பரில் வராத பட்டியல்



சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காக நாங்கள் நடத்தும் சனிக்கிழமை கணினி வகுப்பைப் பற்றி ஊரில் ஒரு கதை ஓடுகிறது. "நாலு கிழமையா பட்டியல், பட்டியல் எண்டு ஒண்டையே படிப்பிக்கிறாங்களாம். அதுவும் பைதன் இல்லையாம், பேர் கேள்விப்படாத ஒரு பாஷையாம். ஏலெவல் பேப்பர்ல அது வாறதும் இல்லையாம்."

மூன்றும் உண்மை. பட்டியல்தான் படிப்பிக்கிறோம். மொழியின் பெயர் ஹாஸ்கல். உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் இருப்பது பைதன். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நின்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட, ஏன் இப்படிச் செய்கிறோம் என்று ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று நினைத்தோம். கொஞ்சம் நீளும். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில், பைதனோடு எங்களுக்கு எந்தக் கோபமும் இல்லை. வாரநாட்களில் பாடசாலையில் நாங்களும் அதைத்தான் படிப்பிக்கிறோம். கவலை, பிள்ளைகள் அதைப் படிக்கும் விதத்தில். ஒரு பட்டியலில் உள்ள எண்களைக் கூட்டச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார்கள். முதல் வரியில் மொத்தம் 0. பிறகு ஒரு லூப். உள்ளே மொத்தத்தோடு எண்ணைக் கூட்டு. கடைசியில் அச்சிடு. விடை சரி, முழுப் புள்ளி. அதே பிள்ளையிடம் "கூட்டாமல் பெருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். பலர் கூட்டல் அடையாளத்தை மட்டும் பெருக்கலாக மாற்றுவார்கள். முதல் வரியில் இருந்த 0 அப்படியே இருக்கும். எந்த எண்களைக் கொடுத்தாலும் விடை 0 வரும். ஏன் என்று கேட்டால் கொம்பியூட்டரைப் பார்ப்பார்கள். அந்த 0 அங்கே என்ன வேலை செய்கிறது என்று அவர்களிடம் எவரும் கேட்டதில்லை. வாய்ப்பாடு மாதிரிப் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள்.

பரீட்சை முடிந்த அடுத்த கிழமையே வீட்டு கேற்றில் நோட்டீஸ்கள் செருகப்படுவதையும் பார்க்கிறோம். மூன்று மாதத்தில் கோடிங், ஆறு மாதத்தில் டிப்ளோமா, தங்க நிற முத்திரையோடு சான்றிதழ். சில வீடுகளில் வாப்பாவின் ஒரு மாத உழைப்பு அப்படியே அதற்குப் போகிறது. அப்படி ஒரு கோர்ஸ் முடித்த பிள்ளைகளும் எங்களிடம் வந்தார்கள். திரையில் பாம்பு ஓடும் விளையாட்டைச் செய்து காட்டினார்கள், அழகாக ஓடியது. "அந்தப் பட்டியலில் ஒன்றுமே இல்லாவிட்டால் இந்த வரி என்ன செய்யும்?" என்று கேட்டோம். அப்படி ஒரு நிலை வரும் என்பதே அவர்களுக்குப் புதிதாக இருந்தது.

ஹாஸ்கலை எடுத்ததற்குக் காரணம் இந்தக் கேள்விதான். அந்த மொழியில் பட்டியலைத் தொடும்போதே இந்தக் கேள்வி முன்னால் வந்து நிற்கும், தாண்டிப் போவது கஷ்டம்.

ஹாஸ்கலில் பட்டியல் இரண்டே விதம். ஒன்று வெறும் பட்டியல், [] என்று எழுதுவார்கள். மற்றது, முதலில் ஒரு பொருள், அதன் பின்னால் ஒரு பட்டியல். வேறு விதமே கிடையாது. [40, 25, 10] என்று எழுதுவது எங்கள் வசதிக்குத்தான். உள்ளே அது 40 : (25 : (10 : [])) என்று இருக்கிறது. நடுவில் உள்ள முக்காற்புள்ளிதான் ஒரு பொருளை ஒரு பட்டியலின் முன்னால் கொழுவி விடுகிறது. ஆங்கிலத்தில் முதல் பொருளுக்குத் தலை என்றும் எஞ்சியதற்கு வால் என்றும் பெயர். நாங்கள் வகுப்பில் முதல், மீதி என்கிறோம். வால் என்று சொன்னால் பையன்கள் பத்து நிமிடம் சிரிக்கிறார்கள்.

கூட்டுவதற்கு இவ்வளவுதான் எழுத வேண்டும். கணினியில் ஆங்கில எழுத்தில் தட்டுகிறோம், இங்கே வாசிப்பதற்காகத் தமிழில் தருகிறோம்:

கூட்டு [] = 0
கூட்டு (முதல் : மீதி) = முதல் + கூட்டு மீதி

வெறும் பட்டியலின் கூட்டுத்தொகை 0. மற்றப்படி, முதல் எண்ணோடு மீதியின் கூட்டுத்தொகையைக் கூட்டு. லூப் இல்லை, மாறிக்கொண்டே போகும் மொத்தம் இல்லை. பிள்ளைகளின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சேர், கூட்டு எண்டா என்ன எண்டு சொல்ல கூட்டையே பாவிச்சா எப்படி?" நல்ல கேள்வி. இதற்குப் பலகையில் எழுதிப் பதில் சொல்வதில்லை. கதிரைகளை வரிசையாகப் போடுகிறோம்.

மூன்று பிள்ளைகள் வரிசையாக உட்காருவார்கள். கையில் 40, 25, 10 என்று துண்டுகள். நான்காவது கதிரை வெறுமை. விதி இரண்டு: யாரும் எழும்பக் கூடாது, யாரும் தனக்குப் பின்னால் இருப்பவரின் துண்டைப் பார்க்கவும் கூடாது. முதலாவது பிள்ளையிடம் "மொத்தம் எவ்வளவு?" என்று கேட்கிறோம். அவருக்குத் தெரியாது. தன் பின்னால் இருப்பவரிடம் "உன்னிலிருந்து கடைசிவரை எவ்வளவு?" என்று கேட்பார். அவர் அடுத்தவரிடம் கேட்பார். மூன்றாமவர் வெறும் கதிரையிடம் கேட்க வேண்டும். வெறும் கதிரை என்ன சொல்லும்? 0. உடனே விடைகள் திரும்பி வரும்: 10, 35, 75. ஒருவரும் முழு வரிசையையும் பார்க்கவில்லை, ஒவ்வொருவரும் ஒரே ஒரு கூட்டல்தான் செய்தார்கள். பிறகு கொப்பியில் எழுதுகிறார்கள்:

கூட்டு [40, 25, 10]
= 40 + கூட்டு [25, 10]
= 40 + (25 + கூட்டு [10])
= 40 + (25 + (10 + கூட்டு []))
= 40 + (25 + (10 + 0))
= 75

இதை மூன்று தடவை கையால் எழுதச் சொல்வோம். நான்காவது தடவை எழுத விடமாட்டோம். ஏனென்றால் சில பிள்ளைகள், குறிப்பாகக் கணிதத்தில் கெட்டிக்காரர்கள், ஒவ்வொரு படியையும் மண்டைக்குள் கடைசிவரை ஓட்டிப் பார்த்துத்தான் நம்புவார்கள். பத்துப் பொருள் உள்ள பட்டியலில் களைத்துப் போவார்கள். மீதியை மீதி பார்த்துக்கொள்ளும், உன் பங்கை மட்டும் சரியாகச் சொல் என்று பழக்கிவிட்டால்தான் மேலே போகலாம்.

இப்போது அதே கதிரைகளில் பெருக்கல். வெறும் கதிரை 0 என்று சொன்னால் எல்லாம் 0 ஆகிவிடும் என்று பிள்ளைகளே கத்துவார்கள். அப்படியானால் அது என்ன சொல்ல வேண்டும்? கொஞ்ச நேரம் சண்டை. யாராவது ஒருவர் 1 என்பார். "ஒண்டுமே இல்லாத பட்டியலைப் பெருக்கினா எப்படி சேர் ஒண்டு வரும்?" என்று இன்னொருவர் விடமாட்டார். சேர்த்தால் எதையும் மாற்றாத எண் எது என்று கேட்டால் போதும். கூட்டலுக்கு 0, பெருக்கலுக்கு 1. பைதனில் பாடமாக்கிய அந்த முதல் வரியின் அர்த்தம் இங்கேதான் பலருக்குப் பிடிபடுகிறது. பைதனிலும் அந்தக் கேள்வி இருக்கத்தான் செய்கிறது. லூப்புக்கு மேலே ஒரு வரியாக ஒளிந்திருப்பதால் யாரும் நின்று பார்ப்பதில்லை.

மூன்றாவது, மிகப் பெரிய எண். வெறும் கதிரை என்ன சொல்ல வேண்டும்? 0 என்று ஒருவர் சொல்வார். துண்டுகள் எல்லாம் மறை எண்களாக இருந்தால்? பிழைத்துவிடும். அப்படியானால் என்ன? இங்கேதான் வகுப்பு அமைதியாகும். சொல்வதற்கு ஓர் எண்ணும் இல்லை. சில கேள்விகளுக்கு வெறும் பட்டியலிடம் விடை இருக்காது. ஹாஸ்கலில் அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். விடையை மேபி என்று ஒரு வகையாகச் சொல்லலாம்: ஒன்றில் "இல்லை", அல்லது "இருக்கிறது, இதுதான்". அப்படிச் சொல்லிவிட்டால், விடையை வாங்குபவர் "இல்லை" வந்தால் என்ன செய்வது என்று யோசிக்காமல் அந்த எண்ணைத் தொட முடியாது.

இது சின்ன விஷயம் இல்லை. மொழியின் அடிப்படைத் தொகுப்பிலேயே பட்டியலின் முதல் பொருளை எடுத்துத் தரும் ஹெட் என்ற சார்பு இருக்கிறது. வெறும் பட்டியலைக் கொடுத்தால் செய்நிரல் அப்படியே விழுந்துவிடும். ஹாஸ்கலின் முதல் அறிக்கை வந்தது 1990இல். 2023இல் வெளிவந்த ஜி.எச்.சி. 9.8 தொகுப்பான், ஹெட்டையும் டெயிலையும் பாவித்தால் எச்சரிக்கை காட்டுகிறது. உலகத்தின் பெரிய மூளைகள் 33 வருடம் இந்த வெறும் பட்டியலோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் நாலு கிழமை மல்லுக்கட்டினால் என்ன?

பட்டியலை இப்படி முதல், மீதி என்று பிரித்துப் பார்ப்பது ஹாஸ்கலுக்கும் முந்திய பழக்கம். ஜோன் மெக்கார்த்தி 1958இல் தொடங்கிய லிஸ்ப் மொழியின் பெயரே பட்டியல் கையாளுதல் என்பதன் சுருக்கம்தான். அதில் முதலுக்குக் கார் என்றும் மீதிக்குக் குடர் என்றும் பெயர். அப்போதிருந்த ஐ.பி.எம். 704 இயந்திரத்தின் உள் உறுப்புகளின் பெயரிலிருந்து வந்த சொற்கள் அவை. அந்த இயந்திரம் எப்போதோ போய்விட்டது, சொற்கள் இன்னும் இருக்கின்றன. அமெரிக்காவில் 1995 அளவில் ஒரு பேராசிரியர் குழு லிஸ்ப்பின் வழிவந்த ஸ்கீம் மொழியை உயர்நிலைப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோகும் திட்டத்தைத் தொடங்கியது. அவர்களுடைய பாடப் புத்தகம் 2001இல் வந்தது. அதிலும் பட்டியல் என்று வந்தால் முதலில் எழுத வேண்டியது வெறும் பட்டியலுக்கான விடைதான். ஆகவே பதினாறு வயதுப் பிள்ளைக்கு இது பாரம் என்று சொல்பவர்களுக்கு, இது வேறு இடங்களில் வகுப்பறைகளுக்குள் போய்ப் பழகிய பாதை என்பதைச் சொல்லி வைக்கிறோம்.

அடுத்தது இடாப்பு. ஆசிரியர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வரவு இடாப்பில் அழித்து எழுதக் கூடாது. புள்ளிகளை இறங்குவரிசையில் பார்க்க வேண்டுமென்றால் வேறொரு தாளில் எழுதுவோம், இடாப்பு சுட்டெண் வரிசையிலேயே இருக்கும். பைதனில் பட்டியலுக்கே உரிய சோர்ட்டைப் பாவித்தால் அந்தப் பட்டியலே புரண்டுவிடும், பழைய வரிசை போய்விடும். இன்னொரு பெயரில் வைத்திருக்கிறோம் என்று நினைத்து ஆ = அ என்று எழுதியிருந்தால் இன்னும் மோசம். ஒரே பட்டியலுக்கு இரண்டு பெயர், ஒன்றைத் திருத்தினால் மற்றதும் மாறியிருக்கும். புதுப் பட்டியலாகத் தரும் சோர்ட்டட் பைதனிலும் இருக்கிறது, ஆனால் வித்தியாசம் தெரிந்தவர்தான் அதைத் தேடுவார். ஹாஸ்கலில் பட்டியல் எதுவும் மாறாது. வரிசைப்படுத்தினால் புதிய பட்டியல் ஒன்று வரும், பழையது பழையபடி இருக்கும். எங்கள் மாணவி ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, "அப்போ இது டிப்பெக்ஸ் இல்லாத கொப்பி" என்றாள். அதைவிட நன்றாக எங்களால் விளக்க முடியாது.

மூன்றாம் கிழமையில் மெப், பில்டர், போல்ட். இதற்குப் பள்ளிவாசல் சந்தாப் பட்டியலை எடுத்தோம். உண்மையான பட்டியலை இல்லை, யாரும் பயப்பட வேண்டாம்! வீட்டு இலக்கமும் நிலுவையும்: [(12, 0), (13, 600), (14, 1500), (15, 0), (16, 300)]. நிலுவை உள்ளவர்களை மட்டும் பில்டர் எடுத்துத் தரும்: [(13, 600), (14, 1500), (16, 300)]. ஒவ்வொன்றிலும் நிலுவையை மட்டும் எடுக்க மெப்: [600, 1500, 300]. போல்ட் அதை ஒன்றாக்கும்: 2400 ரூபா. எல்லோரும் சந்தா கட்டிவிட்டால்? பில்டர் வெறும் பட்டியலைத் தரும், மெப் வெறும் பட்டியலைத் தரும், போல்ட் 0 என்று சொல்லும். அதற்கென்று தனியாக ஒரு வரியும் எழுதத் தேவையில்லை. அப்படி ஒரு மாதம் வருமா என்பது நிர்வாக சபைக்குத்தான் வெளிச்சம்.

போல்ட் என்பது புதிதாக எதுவும் இல்லை என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். கூட்டலையும் பெருக்கலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் இரண்டு இடத்தில்தான் வித்தியாசம்: வெறும் கதிரை சொல்வது, இணைக்கும் அடையாளம். அந்த இரண்டையும் வெளியே எடுத்துவிட்டால் எஞ்சுவது போல்ட். கூட்டலுக்கு அடையாளம் +, வெறும் கதிரைக்கு 0. பெருக்கலுக்கு அடையாளம் ×, வெறும் கதிரைக்கு 1.

இனி, இந்த வகுப்பில் எங்களுக்கே அதிகம் பிடித்த நாளைப் பற்றி.

மேடைகளில் அல்குவாரிஸ்மி பெயரைக் கேட்காத மீலாத் விழா இல்லை. அல்கோரிதம் என்ற சொல் அவர் பெயரிலிருந்து வந்தது, அல்ஜிப்ரா அவர் நூலின் தலைப்பிலிருந்து வந்தது, கைதட்டல், முடிந்தது. அந்த நூலின் நீண்ட பின்பகுதி எதைப் பற்றியது என்று எவரும் சொல்வதில்லை. வஸிய்யத்தும் வாரிசுப் பங்கும்தான். ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் அந்த மனிதர் சமன்பாடுகளை எழுதிய அதே நூலில் கையில் எடுத்தது, ஒருவர் இறந்தால் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கை. அது பட்டியல் கணக்குத்தான்.

ஆகவே பிள்ளைகளிடம் கொடுத்தோம். ஒருவர் இறந்துவிட்டார். கடனும் வஸிய்யத்தும் கழிந்தபின் 10 இலட்சம் ரூபா. வாரிசுகள் இரண்டு மகன், ஒரு மகள், வேறு எவரும் இல்லை. பட்டியல் [மகன், மகன், மகள்]. மெப்பால் பங்குகளாக்கினால் [2, 2, 1]. போல்ட்டால் கூட்டினால் 5. ஒரு பங்கு 2 இலட்சம். மறுபடி மெப்: [4, 4, 2] இலட்சம். நாலே வரி, எல்லோருக்கும் சந்தோஷம். (இது வகுப்பு உதாரணம். வீட்டில் பங்கு பிரிப்பதென்றால் உலமாக்களிடம் போங்கள், எங்கள் வகுப்புப் பிள்ளையிடம் போக வேண்டாம்.)

பிறகு வெறும் பட்டியலைக் கொடுக்கச் சொன்னோம். பிள்ளைகளே இல்லாதவர். பங்குகளின் கூட்டு 0, ஆகவே 10 இலட்சத்தை 0ஆல் வகுக்க வேண்டும், பிழை வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வரவில்லை. திரையில் [] என்று வந்தது. ஹாஸ்கல் தேவைப்படும் வரைக்கும் எதையும் கணக்கிடாது. பட்டியலில் ஆளே இல்லாததால் ஒரு பங்கு எவ்வளவு என்று அது பார்க்கவே இல்லை. பைதனில் அதே வரிசையில் எழுதியிருந்தால் 0ஆல் வகுக்க முடியாது என்று நின்றிருக்கும். இங்கே எந்தச் சத்தமும் இல்லை, எந்தச் சிவப்பு எழுத்தும் இல்லை. 10 இலட்சம் ரூபா காணாமல் போய்விட்டது.

"சேர், காசு எங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டது. அந்த ஒரு கேள்விக்காக நாலு கிழமை செலவழித்தது எங்களுக்குப் பெறுமதி. பங்குகளின் கூட்டுத்தொகை சொத்தின் தொகைக்குச் சமமாக வர வேண்டும் என்று சரிபார்க்கும் வரியை அந்தப் பிள்ளைதான் சேர்த்தது. ஹாஸ்கல் எல்லாவற்றையும் பிடித்துத் தரும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை என்பதற்கும் இதுவே சாட்சி.

வெறும் பட்டியலுக்கு மார்க்கத்தில் என்ன பதில்? பிள்ளையும் பெற்றோரும் இல்லாமல் இறப்பவரைக் கலாலா என்று சொல்வார்கள். சூரத்துன் நிஸாவின் கடைசி வசனம் அவருடைய பங்கைப் பற்றியது. ஒன்றும் இல்லை என்ற நிலைக்குத் தனியாக ஒரு சட்டம் இருக்கிறது. அதை விளங்கப்படுத்திக்கொண்டிருக்கும்போது பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கை உயர்த்தினான். மாலையில் மத்ரஸாவுக்குப் போகிறவன், கணினியில் எப்போதும் குறைந்த புள்ளி எடுப்பவன். "சேர், வெறும் பட்டியல் மட்டும் இல்ல. மகன் இல்லாம மகள்மார் மட்டும் இருந்தாலும் இந்தக் கணக்குப் பிழை." சரியாகச் சொன்னான். எங்கள் நாலு வரி [மகள், மகள்] என்ற பட்டியலுக்கு ஆளுக்கு 5 இலட்சமாக முழுச் சொத்தையும் பிரித்துவிடும். சட்டம் அப்படியில்லை. மகன் இல்லாமல் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மகள்மார் இருந்தால் அவர்களுக்கு மூன்றில் இரண்டு, ஒரே மகள் என்றால் பாதி, எஞ்சியதற்கு வேறு விதி. கூட்டுத்தொகையைச் சரிபார்க்கும் வரியும் இதைப் பிடிக்காது, ஏனென்றால் 5உம் 5உம் 10தான். அன்றைக்கு அந்தப் பையன் பலகைக்கு வந்து, எத்தனை நிலைகள் என்று எழுதத் தொடங்கினான். மஃரிப் பாங்கு சொல்லும்வரை எழுதினான்.

தமிழைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஹாஸ்கலில் ஒரு சொல் என்பது எழுத்துகளின் பட்டியல். நாங்கள் "பள்ளி" என்று தட்டி அதன் நீளத்தைக் கேட்டோம். 3 என்று எதிர்பார்த்தார்கள். 5 என்று வந்தது. ப, ள, புள்ளி, ள, இகரக் குறி: யுனிகோட்டில் ஒவ்வொன்றும் தனித்தனிக் குறி. சொல்லை அப்படியே காட்டச் சொன்னால் "\2986\2995\3021\2995\3007" என்று இலக்கங்களாகக் காட்டுகிறது. தலைகீழாக்கினால் இகரக் குறி முன்னால் வந்து வெறும் வட்டத்தில் தொங்கும். பிள்ளைகளுக்குச் சிரிப்பு. ஆனால் தமிழில் செய்நிரல் எழுதப்போகும் பிள்ளைக்கு, எழுத்தை எண்ணுவதற்கு முன் எதை எழுத்து என்று எண்ணுவது என முடிவு செய்ய வேண்டும் என்பது சிரித்துக்கொண்டே விளங்கிவிட்டது. எங்கள் மொழிப் பாட ஆசிரியர்களுக்கும் இதைக் காட்ட ஆசை.

இனிக் குறைகள். இருக்கின்றன, மறைக்க மாட்டோம். பிழைச் செய்திகள் ஆங்கிலத்தில், அதுவும் கடினமான ஆங்கிலத்தில் வருகின்றன. 1 : 2 என்று எழுதினால், பின்னால் இருப்பது பட்டியல் இல்லை என்று ஒரு வரியில் சொல்லாமல் அரைப் பக்கத்துக்கு ஏதோ சொல்லும். [1, 2] : 3 என்று எழுதாத பிள்ளை இல்லை, பட்டியலின் பின்னால் சேர்ப்பதற்கு [1, 2] ++ [3] என்று எழுத வேண்டும். கூட்டு (முதல் : மீதி) என்பதில் அடைப்பை விட்டுவிட்டால் மறுபடி ஒரு அரைப் பக்கம். இதற்காக நாங்கள் வழக்கமாக வரும் பிழைச் செய்திகளைத் தமிழில் எழுதி ஒரு தாளாக ஒட்டி வைத்திருக்கிறோம். பழைய கணினிகளில் தொகுப்பான் ஏறுவதற்கே நேரமெடுக்கிறது. அதனால்தான் முதல் இரண்டு கிழமையும் கொப்பியும் கதிரையும் மட்டும். தமிழில் இதற்குப் பாடப் புத்தகம் எதுவும் எங்கள் கைக்குக் கிடைக்கவில்லை.

வேலை கிடைக்குமா என்று கேட்கும் வாப்பாமாருக்கு: ஹாஸ்கல் தெரிந்தவருக்கென்று எங்களூரில் ஒரு வேலையும் காத்திருக்கவில்லை. அதைச் சொல்லி நாங்கள் எவரையும் கூப்பிடவுமில்லை. நாலு கிழமைக்குப் பிறகு பைதனுக்குத்தான் போகிறோம். கடந்த தடவை அப்படிப் போன பிள்ளைகள் லூப் எழுதுவதற்கு முன் "வெறும் பட்டியல் வந்தா?" என்று தாங்களாகவே கேட்டார்கள். பைதனிலும் மெப், பில்டர் இருக்கின்றன என்பதையும் அவர்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

"இந்த மாதங்களில் ஏலெவல் டியூசனைத் தொடங்கினால் முந்திக்கொள்ளலாமே" என்பது கொஞ்சம் நியாயமான கேள்வி. சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் என்பது சின்ன நேரம்தான், ஆனாலும் அது பிள்ளையின் நேரம். எங்கள் அபிப்பிராயம் இதுதான்: பரீட்சை இல்லாமல் ஒரு விஷயத்தை நின்று யோசிக்க எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் காலம் இந்தச் சில மாதங்கள் மட்டும்தான். ஏழாம் ஆண்டிலிருந்து டியூசன், பதினொன்றில் டியூசன், பன்னிரண்டில் மறுபடி டியூசன். இடையில் இருக்கும் இந்த இடைவெளியையும் பாடமாக்குவதில் நிரப்பினால், பெருக்கல் கணக்கில் 0 போடும் பிள்ளைகள்தான் கெம்பஸ் வரை போவார்கள். அதை ஒப்புக்கொள்ளாதவர்களோடு சண்டை இல்லை. வந்து ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அடுத்த பிரிவு பெருநாள் விடுமுறை முடிந்த சனிக்கிழமை தொடங்கும், இன்ஷா அல்லாஹ். பெண்பிள்ளைகளுக்குக் காலை ஒன்பது மணி, ஆண்பிள்ளைகளுக்கு அஸர் தொழுகைக்குப் பிறகு. கட்டணம் இல்லை. லெப்டொப்பும் போனும் முதல் இரண்டு கிழமைக்குத் தேவையில்லை, ஒரு சீ.ஆர். கொப்பியும் பென்சிலும் போதும். வருமுன் இந்தக் கணக்கை யோசித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்: இரண்டு மஹல்லாக்களின் சந்தாப் பட்டியல்கள் தனித்தனியாக, இரண்டும் வீட்டு இலக்கப்படி ஏறுவரிசையில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து ஏறுவரிசையில் ஒரே பட்டியலாக்க வேண்டும். எத்தனை நிலைகள் வரும், ஒவ்வொன்றுக்கும் என்ன விடை என்று கொப்பியின் முதல் பக்கத்தில் தமிழிலேயே எழுதினால் போதும்.